மேசை துடைத்த மூன்று பிள்ளைகள்

பீச் ஃபோர்க் பள்ளி, கென்டக்கி
14 செப்டம்பர் 1998

தம்பி ஆர்வில்,

உன் வீட்டுத் தொலைபேசியை அறுத்துவிட்டார்கள். நேரில் வந்தால் நாயை அவிழ்த்துவிடுவேன் என்று போன சனிக்கிழமை உன் பெண்டாட்டி நெவ்வா, பிள்ளைகள் எல்லார் முன்னாலேயும் சொல்லிவிட்டாய். அந்த நாய்க்குக் குட்டியில் பால் வார்த்தவளே நான்தான், அது என்னைக் கடிக்காது. நீதான் கடிப்பாய். அதனால் ஒரே மலைக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாக இருந்துகொண்டு, தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் கொண்டுவந்தது ஒரு படிவம். மதியச் சாப்பாட்டுப் படிவம். அது எதற்கு என்று சொல்லக்கூட நீ விடவில்லை. இப்போது சொல்கிறேன், கோபம் வந்தால் நடுவில் எழுந்து ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

உன் ரோடாவை உட்காரவைத்து எழுத்துக் கூட்டிக் கொடுக்கிறாளே மிஸ் டாக்கெட், அவளுக்குச் சம்பளம் நம் மாவட்டம் கொடுப்பதில்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற பள்ளிகளுக்கென்று வாஷிங்டனிலிருந்து வருகிற பணம் அது. யார் ஏழை என்று வாஷிங்டன்காரனுக்கு எப்படித் தெரியும்? வந்து நம் அடுப்பையா பார்க்கிறான்? மதியச் சாப்பாட்டை இலவசமாகவோ குறைந்த விலையிலோ வாங்குவதற்குப் படிவம் எழுதிக் கொடுத்த பிள்ளைகளை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து மாவட்டத்துப் பள்ளிகளை வரிசையாக அடுக்குகிறார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டிய பள்ளிக்குக் கட்டாயம் பணம் உண்டு. அதற்குக் கீழே இறங்கினால், மேலே இருப்பவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால்தான். நம் மாவட்டத்தில் மிச்சம் என்று ஒன்றை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வருடம் இரண்டு குடும்பங்கள் வேலை தேடி ஒஹாயோவுக்குப் போய்விட்டன. நாம் கீழே இறங்கிவிட்டோம். மூன்று பிள்ளைகள் குறைகிறார்கள்.

உனக்கு மூன்று பிள்ளைகள்.

இதில் என் தவறும் இருக்கிறது. இந்த மலையில் யாரும் சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார்கள். கையெழுத்துப் போட மறுத்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று, மேசை துடைத்தால் சாப்பாடு என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். உழைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று உனக்கும் திருப்தி, எனக்கும் நிம்மதி. ஆனால் மேசை துடைத்துச் சாப்பிடுகிற பிள்ளை படிவத்தில் இல்லை. படிவத்தில் இல்லாத பிள்ளை ஏழை இல்லை. நான் காப்பாற்றிய மரியாதை இப்போது பள்ளியின் மென்னியைப் பிடிக்கிறது.

மேசை துடைக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டேன். உன் வீடு ஒன்றுதான் பாக்கி. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அக்டோபர் முடிவதற்குள் வேண்டும்.

உன் அக்கா,
டெல்ஃபியா


18 செப்டம்பர்

தலைமையாசிரியை டெல்ஃபியா அம்மையார் அவர்களுக்கு,

சிகரெட் ஒன்று போதவில்லை, மூன்று பிடித்தேன்.

உங்கள் படிவத்தை நெவ்வா மேசைமேல் விரித்து வைத்தாள். வீட்டில் எத்தனை பேர், யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், அது வாரத்துக்கா மாதத்துக்கா. நல்லவேளை, என் உள்ளாடையில் எத்தனை ஓட்டை என்று கேட்கவில்லை.

என் பிள்ளைகள் மேசை துடைக்கிறார்கள். அதற்குச் சாப்பிடுகிறார்கள். "வேலைக்குச் சோறு, கணக்கு நேர்"ன்னு என் கையைப் பிடித்துச் சொன்னது நீதான். இப்போது அதே கையை நீட்டச் சொல்கிறாய். என் மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது. நாளைக்கு அவனைப் பார்த்து எவனாவது "ஓசிச் சோறு"ன்னு சொன்னால் அவன் மூக்கை உடைப்பான். நீ அவனைப் பள்ளியை விட்டு நிறுத்துவாய். அப்போது உன் எண்ணிக்கையில் ஒன்று குறையும், பார்த்துக்கொள்.

இன்னொன்று. மாவட்ட அலுவலகத்தில் இந்தப் படிவங்களை வாங்கி அடுக்குகிறவன் யார்? பர்ல். பர்லின் பெண்டாட்டி எங்கே உட்காருவாள்? தேவாலயத்தில் நெவ்வாவுக்கு முன் வரிசையில். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ரோடாவுக்கு டீச்சர் வேண்டுமென்றால் வாஷிங்டன்காரன் பேசாமல் ஒரு டீச்சரை அனுப்பட்டும். அவள் வருவதற்கு நான் ஏன் முதலில் என் சட்டையைக் கழற்ற வேண்டும்?

ஆர்வில்


23 செப்டம்பர்

ஆர்வில்,

அம்மையார் கும்மையார் எல்லாம் வேண்டாம். உன் மூக்கைச் சிந்திவிட்ட கை இது.

இனிமேல் எந்தப் பிள்ளை காசு கொடுத்தது, எந்தப் பிள்ளை கொடுக்கவில்லை என்று வரிசையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி எண் அட்டை. உன் மூத்தவன் யார் மூக்கையும் உடைக்க வேண்டியதில்லை. பர்லைப் பற்றி நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் வெளியே சொன்னால் அவன் வேலை போகும். அது அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டிக்கும் தெரியும். யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று நான் உனக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் நாற்காலியிலிருந்து விழுவாய், அவ்வளவு மட்டும் சொல்கிறேன்.

நீ படித்தபோது இங்கே மிஸ் டாக்கெட் இல்லை. உன்னைப் பின் வரிசையில் உட்காரவைத்தார்கள், பதினாறு வயதில் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். என் கடிதத்தைப் படிக்க உனக்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். ரோடா உன் மகள். எழுத்து அவளுக்கும் உன்னைப் போலத்தான் வழுக்குகிறது. அவளுக்காவது ஒருத்தி பக்கத்தில் உட்காரட்டும் என்றுதான் நான் தெருத் தெருவாகப் படிவத்தோடு அலைகிறேன்.

சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துத்தான் கேட்கிறேன்.

டெல்ஃபியா


28 செப்டம்பர்

அக்கா,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் எழுதவில்லை. இதைப் பற்றி இனி எழுதாதே.

என் படிப்பைப் பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம்.

ஆர்வில்


5 அக்டோபர்

தம்பி,

அதை எழுதியிருக்கக் கூடாதுதான். எழுதின அன்றே தெரியும், ஆனால் தபால்காரன் போய்விட்டான். மன்னித்துக்கொள்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ரோடா மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துணியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். அங்கே ஒரு பலகை, அவள் முதல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தொங்குகிறது. உதட்டை அசைத்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு சமையல்காரம்மாவைப் பார்த்து, "சாப்புடுறதுக்கு முன்னாடி கையக் கழுவணுமாம்! இத்தன வருசமா இந்தச் சுவரு இதத்தான் சொல்லிட்டு இருந்துச்சா?" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்புறம் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மாவட்டத் தலைமை அதிகாரி மிஸ் டாக்கெட்டைக் கூப்பிட்டு, "கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வேற எடம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்து, "ரோடாவ நடு ஆத்துல விட்டுட்டுப் போற மாதிரி இருக்குங்க" என்றாள்.

ஆர்வில், உன்னை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். நீ வீம்புக்காரன். ஆனால் உன் மகளைவிட வீம்பு உனக்குப் பெரிதில்லை. உனக்குக் கூச்சமாக இருந்தால் நெவ்வாவின் கையெழுத்துப் போதுமா என்றாவது கேட்டிருப்பாய். அதுகூடக் கேட்கவில்லை. வேறு ஏதோ இருக்கிறது. என்னவென்று சொல்.

டெல்ஃபியா


9 அக்டோபர்

அக்கா,

இதைப் படித்தவுடன் அடுப்பில் போடு. முதலில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் கீழே படி.

சுரங்கக் கூரை என் முதுகில் விழுந்ததிலிருந்து மாதாமாதம் அரசாங்கத்து உதவித்தொகை வருகிறதே, அது நான் வேலை செய்ய முடியாதவன் என்பதற்காகக் கொடுக்கிற பணம். அந்தப் பணத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் நெவ்வாவின் மருத்துவ அட்டை. அவளுடைய சர்க்கரை ஊசி அதில்தான் வருகிறது. அட்டை இல்லாமல் அந்த ஊசியைக் கடையில் வாங்க வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டை யார் வாங்குவான்?

நான் வேலை செய்கிறேன். வாரம் மூன்று நாள் டென்சிலுக்கு மரம் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறேன். கையில் காசு, காகிதம் கிடையாது. ஓட்டிவிட்டு வந்தால் மறுநாள் என் சப்பாத்தை நெவ்வாதான் கழற்றிவிட வேண்டும், குனிய முடியாது. ஆனால் அந்தக் காசு இல்லாமல் மாதக் கடைசி வாரம் ஓடாது. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு குளிருக்கும் கால் வளர்ந்துவிடுகிறது.

உன் படிவத்தில் கடைசி வரியைப் படித்தாயா? நான் படித்தேன், மெதுவாகத்தான் படித்தேன். எழுதினது எல்லாம் உண்மை, பொய்யானால் மத்திய சட்டப்படி தண்டனை என்று இருக்கிறது. லாரியை எழுதினால் உதவித்தொகை போகும், அதோடு ஊசியும் போகும். லாரியை எழுதாவிட்டால் நான் பொய்ச் சத்தியம் செய்தவன். எழுதவே மாட்டேன் என்றால் ரோடாவின் டீச்சர் போய்விடுவாள். நீ கல்லூரிக்குப் போனவள். வேறு வழி இருந்தால் சொல்.

சுரங்கத்தில் கல்லுக்கு அடியில் கிடந்தபோதுகூட இப்படி மூச்சு முட்டவில்லை. வெளியே ஆட்கள் தோண்டிக்கொண்டிருப்பார்கள் என்று அங்கே தெரியும்.

"அக்காகிட்ட சொல்லாத, அவங்க தலையிலயும் கட்டாத"ன்னு நெவ்வா சொன்னாள். கட்டிவிட்டேன்.

ஆர்வில்


15 அக்டோபர்

தம்பி,

எரித்துவிட்டேன். படித்ததை எரிக்க முடியவில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். டென்சில் எவ்வளவு கொடுப்பான் என்று தோராயமாகத் தெரியும், அவன் கஞ்சத்தனம் ஊரறிந்தது. அதையும் உதவித்தொகையையும் சேர்த்து, கொஞ்சம் கூடவே வைத்தும் பார்த்தேன். அப்படியும் உன் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு உண்டு. இதை எழுதக் கை கூசுகிறது. முதுகை ஒடித்துக்கொண்டு ஒளித்து ஒளித்துச் சம்பாதித்தும் நீ அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறாய். உண்மையை எழுதினாலும் இங்கே உனக்கு ஒன்றும் குறையாது. குறைவது வேறு இடத்தில்.

பள்ளிப் படிவத்தை உதவித்தொகை அலுவலகத்துக்குக் காட்டக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. ஆனால் வருடா வருடம் சில படிவங்களை உருவி, சம்பளத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். உன்னுடையது வந்தால் டென்சிலிடம் சீட்டு வாங்கி வர வேண்டும். உன் படிவத்தை உருவமாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பாதியை மறைத்து எழுது என்றும் சொல்ல முடியாது. அதை வாங்கிப் பார்த்து, சரி என்று முத்திரை வைக்கிறவளே நான்தான்.

ஒரு மாதமாகக் கையெழுத்து கையெழுத்து என்று உன்னை அரித்தவள் இப்போது சொல்கிறேன், போடாதே. நெவ்வாவையும் போட விடாதே.

வேறு வழி கேட்டிருந்தாய். இப்போதைக்கு உன்னிடம் சொல்லக்கூடிய வழி என்னிடம் இல்லை. நீ சொல்லியிருக்கவே வேண்டாம் என்று ஒரு நிமிடம் உன்மேல் கோபம் வந்தது. பிறகு, இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்தாயே என்று அதைவிடக் கோபம் வந்தது.

டெல்ஃபியா


30 அக்டோபர்

திரு. ஆர்வில் கேஹார்ட் அவர்களுக்கு,

தங்கள் பிள்ளைகள் மூவரும் இந்தக் கல்வியாண்டில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் எனப் பள்ளி நிர்வாகம் தீர்மானித்துள்ளது. இதற்கு விருப்பமில்லையெனில் தாங்கள் எழுத்து மூலம் மறுக்கலாம்.

மேலே இருப்பது சட்டப்படி நான் உனக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பு. கீழே இருப்பது நான் எழுதுவது.

வீட்டில் வறுமை என்று நன்றாகத் தெரிந்தும் பெற்றவர்கள் படிவம் தராவிட்டால், பள்ளித் தலைமை தானே அதை எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அப்படி எழுதின படிவத்தைச் சோதனைக்கு உருவமாட்டார்கள். இந்த விதி எனக்கு முதலிலிருந்தே தெரியும். உன்னைக் கேட்காமல் அதைச் செய்தால், நீ இல்லாத நேரத்தில் உன் வீட்டுக்குள் புகுந்து பானையைத் திறந்து பார்த்தது போல் ஆகும் என்றுதான் தொடாமல் வைத்திருந்தேன்.

நேற்றுத் தொட்டேன்.

அந்தப் படிவத்தில், அந்த வீட்டு வருமானம் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் எழுத வேண்டும். நீ அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் உதவித்தொகை மட்டும் என்று மனசாட்சியோடு எழுதியிருப்பேன். லாரி தெரிந்த பிறகும் உதவித்தொகை மட்டும் என்றுதான் எழுதினேன். லாரியை எழுதினால் அது காகிதமாகி பர்லின் மேசைக்குப் போகும். நெவ்வாவின் ஊசியை நான் பர்லின் மேசையில் வைக்கமாட்டேன். கீழே என் பெயர், என் பதவி, தேதி. இருபத்திரண்டு வருடமாக ஆசிரியை, பொய் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேரைச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன். வெளியே வந்தால் என் ஆசிரியர் உரிமம் போகும். போனால் இந்த மலையில் எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

எண்ணிக்கை தாண்டிவிட்டது. மிஸ் டாக்கெட் இருக்கிறாள். இன்றைக்குக் காலையில் சொன்னேன். "யாரு கையெழுத்து போட்டாங்க?" என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றேன்.

மறுத்து எழுத நினைத்தால் எழுது. அது உன் உரிமை. திட்டுவதென்றால் நேரில் வா, நாயையும் கூட்டி வா.

டெல்ஃபியா


7 நவம்பர்

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். என் வீட்டு வறுமைக்கு நீ யார் கையெழுத்துப் போட என்று அப்படி ஒரு ஆத்திரம். சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டேன். நெவ்வா வாசலில் குறுக்கே நின்றாள். "அவங்க வேலையையே தூக்கி உங்களுக்காக வெச்சிருக்காங்க, நீங்க எதத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். உட்கார்ந்துவிட்டேன்.

எனக்காக நீ ஜெயிலுக்குப் போகிற மாதிரி ஒரு காகிதம் அந்த அலுவலகத்தில் கிடக்கிறது. நான் பொய் எழுதியிருந்தால் என் தலையோடு போயிருக்கும். நீ எழுதியிருக்கிறாய். ஒரு டாலருக்குக்கூட யாருக்கும் கடன்பட்டதில்லை என்று திமிராகத் திரிந்தவன் நான். இதை எப்படி அடைப்பேன் என்று மூன்று நாள் யோசித்தேன்.

மறுத்து எழுதவில்லை. ரோடாவின் டீச்சரை நான் அனுப்பமாட்டேன்.

நேற்று டென்சிலிடம் போய் லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏன்டா, காசு பத்தலையா?"

"பத்துது. அதான் பிரச்சன."

அவனுக்குப் புரியவில்லை. "குளிர் வரப்போவுது, புள்ளகுட்டிக்காரன், கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?" என்று கேட்டான். பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மூத்தவனுக்கு இந்தக் குளிருக்கு வாங்கி வைத்திருந்த சப்பாத்தைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொண்டான், நல்ல மனுஷன். மாதக் கடைசி எப்படி ஓடும் என்று நெவ்வா கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ மாவு, பன்றிக்கறி என்று ஏதாவது தூக்கிக்கொண்டு வராதே, வந்தால் சத்தியமாக நாயை அவிழ்ப்பேன்.

இந்த வீட்டுக்கு உதவித்தொகையைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நீ போட்ட தேதிக்கும் நேற்றைக்கும் நடுவில் ஒரு வாரம் போலத்தான் அது பொய்யாக இருந்தது. இனி எவன் வந்து சோதித்தாலும் சோதிக்கட்டும். நீ எழுதினபடியே ஏழையாகிவிட்டோம், அக்கா.

ஆர்வில்